நான் சேந்த தேதி

சித்தெ நகுந்துக்கறீங்களா அம்மிணி? பை பெருசுன்னு பாக்காதீங்க, உள்ள ஒரு தக்காளி சாப்பாடும் தண்ணி பாட்டலும்தான். இந்த வண்டி உடுமலைக்குத்தானுங்களே? சரி. அங்க எறங்கி இன்னொரு வண்டி புடிச்சு அமராவதி டேமுக்குப் போறனுங்க. முதலை பாக்க.

சிரிங்க, சிரிங்க. அம்பத்தி மூணு வயசுல ஒருத்தி தன்னந்தனியா முதலை பாக்கக் கெளம்பிட்டான்னா ஆருக்குத்தான் சிரிப்பு வராது. இன்னைக்கு எனக்கு லீவுங்க. ஊரே வேலைக்குப் போவுது, எனக்கு லீவு. நேத்து சாயங்காலம், ‘நாளைக்கு எங்கக்கா போப்போறீய?’ன்னு ஆபீசுல ஒரு புள்ள கேட்டா. லீவுல எங்க போவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? வாயில முதலைன்னு வந்துருச்சு. சொன்னதுக்காகப் போறேன். எல்லாம் அந்தத் தூத்துக்குடிப் புள்ள பண்ணுன வேலை.

எங்க வேலைங்களா? திருப்பூர்ல, அரிசிக்கடை வீதிக்குப் பின்னால, சைக்கிள் கடைக்கு மேல மாடியில ஒரு ஆபீசு. தொழிலாளிகளுக்குச் சட்ட உதவி பண்ற எடமுங்க. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, கை மெசின்ல மாட்டிக்கிச்சு, புள்ள பொறந்ததுக்கு லீவு குடுக்கலைன்னு வருவாங்க. பைசா வாங்காம மனு எழுதி, லேபர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் கூட்டிட்டுப் போவோம். தண்டபாணி சார்தான் ஆரம்பிச்சாரு. வக்கீலு. நல்ல மனுசன். எழுத்து மட்டும் கோழி கிளறுனாப்பல இருக்கும்.

நான் அங்க என்னவா இருக்கறேன்னு கேட்டீங்கன்னா, அதாங்க கதையே. எல்லாம் நாந்தான். காத்தால சாவி போட்டுத் தொறக்கறது நான், டோக்கன் குடுக்கறது நான், கேஸ்கட்டை எடுத்து வெக்கறது நான், டீ போடறது நான். லேபர் ஆபீசுல ஃபோன எடுத்தா, ‘துளசிமணி அக்காங்களா’ன்னுதான் கேப்பாங்க. சார் பேரைச் சொன்னாக் கூடக் கொஞ்சம் யோசிப்பாங்க. பெருமைக்குச் சொல்லலை. பெருமைதான், இருக்கட்டும்.

நான் அங்க போனதே மனு குடுக்கத்தானுங்க. முன்ன ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல, தச்ச துணியில பழுது பாக்கற வேலையில இருந்தேன். கம்பெனி பேரு வேண்டாம், இப்ப அது இல்ல. பதினோரு வருசம். மொதலாளி அம்மா பொங்கலுக்குச் சீலை எடுத்துக் குடுக்கும், ‘துளசி எங்க ஊட்டுப் பொண்ணாட்ட’ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லும். எனக்குத் தலைகால் புரியாது. அப்ப என்ற பொண்ணுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. நாலே நாளு லீவு போட்டனுங்க. அஞ்சாம் நாள் போறேன், வாட்ச்மேன் கேட்டைத் தொறக்க மாட்டேங்கறான். ‘அப்படி ஒரு ஆளே இங்க வேலை செய்யலைன்னு சொல்லச் சொன்னாங்கக்கா’ன்னான். பதினோரு வருசம். ஒரு துண்டுப் பேப்பர் இல்ல என்ற கையில. ஊட்டுப் பொண்ணுக்கு ஆருங்க பேப்பர் குடுப்பாங்க?

அப்பத்தான் இந்த ஆபீசு பெஞ்சுல வந்து உக்காந்தேன். கேசு ரெண்டு வருசத்துக்கு மேல நடந்துச்சு. வாய்தாவுக்கு வாய்தா வந்து உக்காந்து உக்காந்து, சும்மா இருக்க முடியாம ஒரு நாள் கூட்டுனேன், ஒரு நாள் டீ போட்டேன். வர்றவங்க பேரை சார் ஒரு நோட்டுல எழுதுவாரு, பொறவு அவருக்கே படிக்க வராது. ‘குடுங்க சார் இங்க’ன்னு நோட்டை வாங்கி நான் எழுத ஆரம்பிச்சேன். கேசு ஜெயிச்சுது. எல்லாரும் ஜெயிச்சா எந்திரிச்சுப் போவாங்க. நான் போகலை, அவ்வளவுதான்.

டிக்கெட் வாங்கிட்டீங்களா? கண்டக்டர் வர்றாரு பாருங்க. உடுமலை ஒண்ணுங்கண்ணா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், புதுசா ஆளு சேர்றது. எங்க ஆபீசுல அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. நான் வெச்ச மொறைதான். எந்த வக்கீலா இருக்கட்டும், எவ்வளவு படிச்சிருக்கட்டும், மொத நாள் வந்தா நேரா நாற்காலிக்குப் போகக் கூடாது. மனு குடுக்க வர்றவங்களோட ஒட்டுக்கா பெஞ்சுல உக்காரோணும். ஒம்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும். ஆருன்னு சொல்லக் கூடாது. டோக்கன் வாங்கிட்டுக் காத்திருக்கோணும். அந்தப் பெஞ்சு ஆடும். ஆடட்டும்னுதான் சரி பண்ணாம வெச்சிருக்கறேன்.

பதினொரு மணிக்கு டோக்கன் கூப்புடுவேன். மேசைக்கு வந்து, முன்ன வேலை செஞ்ச எடத்துல அவங்களுக்கு நடந்த ஒரு அநியாயத்தைச் சொல்லோணும். கூடச் சேர்ற இன்னொரு ஆளு அதை மனுவா எழுதோணும். ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்ன ஆளு இதுவரைக்கும் ஒருத்தர் இல்லைங்க. அதெல்லாம் முடிஞ்சாத்தான் தட்டு. வெத்தலை, கல்கண்டு, சந்தனம், அதுக்கு மேல அவங்க அப்பாயின்மென்ட் ஆர்டர். என்ற ஊட்டு வெங்கலத் தட்டுங்க, நாந்தான் நீட்டுவேன். பதினாறு வருசத்துல இருவத்தி மூணு பேருக்கு நீட்டியிருக்கறேன்.

நீட்டறதுக்கு முன்ன ஒரு பாடம் சொல்லுவேன். ‘கண்ணு, வர்றவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்க. ஆனா எங்க மொதலாளி என்னைய ஊட்டு ஆளாட்ட வெச்சிருக்காருன்னு ஆராச்சும் சொன்னா, ஒடனே பேனாவைக் கையில எடு. அங்க பேப்பர் இருக்காது.’ நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. வக்கீலுகளே எழுதி வெச்சுக்குவாங்க.

போன மாசம் ஒண்ணாந் தேதி ரெண்டு பேரு சேந்தாங்க. ஒருத்தன் பிகாஷ், ஒடிசாக்காரப் பையன். பத்து வருசம் இங்க பனியன் கம்பெனியில இருந்து, நம்மளாட்டவே தமிழ் பேசுவான். வடக்க இருந்து வர்றவங்களுக்குப் பேசறதுக்குன்னு எடுத்தாங்க. இன்னொருத்தி இந்த பெனிட்டா. தூத்துக்குடி. வக்கீலு. கண்ணாடி போட்டு, ஒல்லியா, பாக்கறதுக்குப் பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்ட இருப்பா. அந்தக் கண்ணு இருக்குது பாருங்க, அது சும்மா இருக்காது.

ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்துட்டு, மத்தவங்களாட்ட ஃபோனை நோண்டலைங்க அவ. என்னையவே பாத்துட்டிருக்கறா. நான் டோக்கன் குடுக்கறேன், பாக்கறா. சாயப்பட்டறையில இருந்து வந்த ஒரு அம்மாவை அழாதன்னு அதட்டி டீ குடுக்கறேன், பாக்கறா. சாருக்கு வாய்தா தேதி ஞாபகப்படுத்தறேன், அதையும் பாக்கறா. சரி, புதுசு, கத்துக்குது, இருக்கட்டும்னு நெனச்சேன்.

பதினொண்ணு ஆச்சு. பிகாஷ் சொன்னான், பத்து வருசமா சூப்பர்வைசர் அவனைப் பேரு சொல்லியே கூப்புடலையாம், ‘டேய் பெங்காலி’தானாம். ‘நான் ஒடியாங்க’ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், கடைசியில திரும்பிப் பாக்கப் பழகிட்டானாம். பெனிட்டா அதை எழுதுனா. அவ சொன்னது, முன்ன இருந்த சீனியர் வக்கீல் ஆபீசுல ரெண்டு வருசம் அவளுக்கு ஒரு நாற்காலி போடலையாம், நின்னுட்டேதான் ஃபைல் படிச்சாளாம். பிகாஷ் அதை எழுதுனான். நல்லாத்தான் எழுதுனான், எழுத்துதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு.

நான் பாடம் சொன்னேன். தட்டை எடுத்தேன். மொதல்ல பிகாஷுக்கு. அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க, பத்து வருசத்துல அவன் பேரு போட்ட மொதப் பேப்பரு. பொறவு பெனிட்டா. கல்கண்டை வாயில போட்டுக்கிட்டா, ஆர்டரைப் படிச்சா. படிச்சுட்டு நிமுந்து கேக்கறா, ‘ஏங்க்கா, நீங்க சேந்தப்ப ஒங்களுக்குத் தட்டு யாரு நீட்டுனா?’

எனக்கு எதுக்குக் கண்ணு தட்டுன்னேன்.

‘ஒங்க ஆர்டர் எங்கக்கா?’

‘எனக்கெதுக்கு ஆர்டரு? நான் இந்த ஆபீசுல ஊட்டு ஆளாட்ட.’

அம்மிணி, கீழ சைக்கிளுக்குக் காத்தடிக்கற சத்தம் கேக்குது. பிகாஷ் வாயைப் பொத்திக்கிட்டான். பெனிட்டா சிரிக்கலை. பேனாவைக் கையில எடுத்தா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வந்து அரை நாளு ஆகலை, என்ற வாயில இருந்தே புடுங்கி என்ற மேலயே வீசறா. ‘அது வேற, இது வேற கண்ணு’ன்னேன். ‘என்ன வேறக்கா?’ங்கறா. ‘அவங்க மொதலாளி, இவரு சாரு.’ ‘சம்பளம் யாரு தாரா?’ ‘சாரு.’ ‘வார லீவு?’ ‘எனக்கெதுக்கு?’ ‘கடைசியா எப்ப லீவு எடுத்தீய?’ நான் டோக்கனை அடுக்க ஆரம்பிச்சேன். இன்னைக்கும் சொல்றேன், அது வேற இது வேறதானுங்க. என்ன வேறன்னு அப்ப சட்டுன்னு வாயில வரலை, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு சார் உள்ள இருந்து வந்தாரு. என்னன்னு கேட்டாரு. பெனிட்டா சொன்னா. பாவம், மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஊரு முழுக்க ஆர்டர் குடு, ஆர்டர் குடுன்னு மேடையில கத்தற மனுசன். ‘துளசிம்மா, எனக்குத் தோணவே இல்லையேம்மா’ன்னாரு. ஒடனே ஓடிப் போய்க் கம்ப்யூட்டர்ல அடிச்சு எடுத்துட்டு வந்தாரு. தட்டுல வெச்சு அவரே நீட்டுனாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும், சரி, மனுசன் ஆசையா நீட்டறாரு, வாங்கிக்கலாம்னு வாங்குனேன்.

படிச்சனுங்க. அவசரத்துல பிகாஷுக்கு அடிச்சதுலயே பேரை மட்டும் மாத்தி எடுத்துட்டாரு. ‘இன்று முதல் பணியில் சேர்கிறீர்கள்’னு போட்டிருக்குது. அதுக்குக் கீழ, ‘ஆறு மாதம் தகுதிகாண் காலம்.’ அதாவதுங்க, ஆறு மாசம் என்னைய வெச்சுப் பாப்பாங்களாம், தேறுனா வெச்சுக்குவாங்களாம். என்னையங்க. பதினாறு வருசம் அந்தக் கதவைத் தொறந்தவளை.

கோவம் வரலைங்க. அந்த வாட்ச்மேன் மூஞ்சி வந்து நின்னுச்சு. ‘அப்படி ஒரு ஆளே இங்க வேலை செய்யலை’ன்னான் பாருங்க, அந்த மூஞ்சி. இன்னைக்குத்தான் சேந்தேன்னா, நேத்து வரைக்கும் அங்க இருந்தவ ஆருங்க?

ஆர்டரைத் தட்டுலயே வெச்சேன். நேராப் போய்ப் பெஞ்சுல உக்காந்தேன். பதினாறு வருசத்துக்குப் பொறவு உக்கார்றேன், ஆடுது பாருங்க சனியன், இன்னும் சரி பண்ணாம வெச்சிருக்காங்க. ‘பிகாஷு, டோக்கன் குடு’ன்னேன். குடுத்தான். பதினேழாம் நம்பரு. பதினாறு பேரும் முடியற வரைக்கும் காத்துட்டிருந்தேன், நடுவுல பூந்தா அது மொறையில்ல. அதுக்குப் பொறவு அன்னைக்கு ஆரும் டீ குடிக்கலை. போடறதுக்கு ஆளில்ல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு பெனிட்டா முன்னால போய் உக்காந்தேன். ‘எழுது கண்ணு. எதிர்மனுதாரர், உழைப்போர் சட்ட உதவி மையம்’னேன். அவளுக்கு வேலையில மொத நாளு, மொத கேசு, அதுவும் சொந்த ஆபீசு மேல. அசரலைங்க அந்தப் புள்ள, வரி வரியா எழுதுனா. படிச்சுக் காட்டுனா. கையெழுத்துப் போட்டேன். சார் மேசையில குடுத்து, வாங்குனதுக்கு சீல் போடச் சொன்னேன். போட்டாரு. சீல் கட்டையை எடுத்துக் குடுத்தது நாந்தான், அது எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியாது.

சார் மனுவைப் படிச்சாரு. பொறவு பழக்கதோசத்துல, வர்றவங்ககிட்டயெல்லாம் கேக்கறாப்பலயே கேட்டுட்டாரு. ‘ஆதாரம் இருக்காம்மா?’

கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. நான் சொன்னேன், ‘இருக்குதுங்க சார். பிகாஷு, அந்தப் பரண்ல இருக்கற நோட்டையெல்லாம் எறக்கு.’

பதினேழு நோட்டுங்க. வருசத்துக்கு ஒண்ணு. வந்தவங்க பேரு, ஊரு, என்ன கொறை, எல்லாம் என்ற கையெழுத்து. மேசையில அடுக்குனான், சார் தலை மறைஞ்சு போச்சு. அடியில கெடந்த பழசை பெனிட்டா உருவி எடுத்து, பக்கம் பக்கமாப் பெரட்டறா. முன்னாடியெல்லாம் சார் எழுத்து, கோழி கிளறுனது. அதுல ஒரு எடத்துல, ‘துளசிமணி, செக்கிங், வேலை நீக்கம்’னு நான் மனு குடுக்க வந்தது கெடக்குது. இன்னும் பெரட்டறா. திடீர்னு ஒரு பக்கத்துல எழுத்து மாறுது. உருண்டை உருண்டையா, பள்ளிக்கோடத்துப் புள்ள எழுதுனாப்பல, என்ற எழுத்து. தேதி போட்டிருக்குது. ரெண்டாயிரத்து ஒம்பது, ஆகஸ்ட் நாலு. அதுக்குப் பொறவு கடைசி நோட்டு வரைக்கும் எழுத்து மாறலை. ஒரு நாளு கூட விடலை.

‘சார், இதான் சேந்த தேதி’ன்னா பெனிட்டா.

சார் அந்தப் பக்கத்தை விரல் வெச்சுப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. நோட்டுத் தூசின்னாரு. அந்த நோட்டுல ஏதுங்க தூசி, வாராவாரம் தொடைக்கறது நான். அப்புறம் எந்திரிச்சு நின்னு, ‘தப்பு என் மேலதாம்மா’ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. எதுக்குன்னு கேக்காதீங்க. கேசு ஜெயிச்சன்னிக்குக் கூட நான் அழுகலை.

இருங்க, ஃபோன் அடிக்குது. ஆபீசுங்க. நான் சொல்லலை, நானில்லாம ஓடாதுன்னு.

அலோ, பிகாஷா? சொல்லு. டீத்தூளா? மேல் தட்டுல பச்சை டப்பா. அது இல்லடா, அது சீயக்காய். பக்கத்துல பாரு. கெடச்சுதா? சரி, கூட்டம் எப்படி? முப்பதா? லேபர் ஆபீசுல இருந்து ஃபோன் வந்தா... அலோ? ஆரு, பெனிட்டாவா? நான் எங்க கண்ணு பேசுனேன், அவந்தான். சரி. சரி தாயி. வெச்சர்றேன்.

பாத்தீங்களா? லீவுல இருக்கறவங்களுக்கு ஃபோன் பண்ணக் கூடாதாம். பண்ணுனதுக்கு அவனுக்கு ஏச்சு, எடுத்ததுக்கு எனக்கு ஏச்சு.

இந்த லீவும் அவ பண்ணுனதுதானுங்க. புது ஆர்டர் அடிச்சாங்க, பழைய தேதி போட்டு. அதுல வாரத்துல ஒரு நாள் லீவுன்னு ஒரு வரி. மத்தவங்களுக்கெல்லாம் மொறை வெச்சு ஒவ்வொரு நாளு, எனக்கு வியாழக்கிழமை. போடட்டும், பேப்பர்ல இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். நாலு வியாழனும் சும்மா எட்டிப் பாக்கறாப்பல காத்தால போய்ச் சாயங்காலம்தான் வந்தேன். நேத்து சாவியைப் புடுங்கிட்டா. ‘அக்கா, நாளைக்கு நீங்க வந்தா நான் பெஞ்சுல உக்காந்து மனு குடுப்பேன்’னா. குடுப்பா, செய்யற புள்ளதான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ராத்திரி தூக்கமே வரலைங்க. கிறுக்குத்தனந்தான், தெரியுது. ஆனா ஒருக்கா நாலு நாள் லீவு போட்டுத் திரும்பிப் போனப்ப கம்பெனி கேட்டு தொறக்கலை பாருங்க. அன்னையில இருந்து லீவுன்னாலே எனக்கு அந்தக் கேட்டுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எட்டரைக்கெல்லாம் போயிருவேன். அந்தப் புள்ள சாவியோட படியில நிப்பேன்னு சொல்லியிருக்கறா. நிப்பா. நிப்பான்னுதான் நெனைக்கறேன்.

குடிமங்கலம் தாண்டிட்டமா? நாம்பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன். நீங்க எங்க அம்மிணி வேலை? உடுமலையில, ஜவுளிக்கடையிலயா. அதான் கால் அப்படி வீங்கியிருக்குது. நானும் ஏறுனதுல இருந்து பாத்துட்டுத்தான் வர்றேன். பகலெல்லாம் நிக்கறதுங்களா? உக்கார நாற்காலி போடோணும்னு சட்டமே இருக்குதுங்களே. எத்தனை வருசமாச்சு? ஏழா.

ஓனரம்மா தங்கமானவங்களா. சரி. சொந்தத் தங்கச்சியாட்ட வெச்சிருக்காங்களா.

அப்படிங்களா.

அந்தப் பையைச் சித்தெ எடுங்க. சாப்பாட்டுக்கு அடியில ஒரு கவர் இருக்கும், பாத்து, மடங்கிறப் போவுது. இதான் என்ற ஆர்டரு. லேமினேசன் பண்ணிட்டேன். பிரிங்க, கண்ணாடி கொண்டு வரலை, நீங்களே படிங்க. மூணாவது வரி. தேதி என்ன போட்டிருக்குது? சத்தமாப் படிங்க, வண்டிச் சத்தத்துல கேக்கலை. ஆங், ஆகஸ்ட் நாலு. ரெண்டாயிரத்து ஒம்பது. நான் இருந்தேன்னு எழுதியிருக்குதுங்களா? எழுதியிருக்குது.

நான் இன்னைக்கு மனு எழுத மாட்டனுங்க, லீவு, அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவா. ஒரு வார்த்தை கேக்கறதுல என்ன இருக்குது. உங்க தேதி எங்கயாச்சும் எழுதியிருக்குதுங்களா?

எறங்கி ஒரு டீ குடிக்கலாம் வாங்க. கடைக்கு நேரமாச்சுன்னா நடந்துட்டே பேசலாம். முதலை எங்க போயிறப் போவுது. சொல்லுங்க அம்மிணி, எந்த மாசம் சேந்தீங்க?